நெஞ்சு நீருக்குப் பதிலாக இரத்தம்: ஏ.டி.ஏ. பரிசோதனையில் அப்பா பட்ட பாடு

குடியாத்தத்தில் தறி நெய்கிற அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. சாயங்காலமானால் காய்ச்சல், வலது விலாவில் குத்தல், ஆளும் பாதியாக இளைத்துவிட்டார். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, சிபிநாட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) எல்லாம் அரசு மருத்துவமனையில் காசில்லாமல் முடிந்தன. சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்றே வந்தது.

வேலூரில் பார்த்த நெஞ்சக மருத்துவர், நீரை எடுத்து ஏ.டி.ஏ. பார்க்க வேண்டும் என்றார். அடினோசின் டிஅமினேஸ் என்கிற நொதி அது. நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் சேரும் நீரில் காசக் கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்குமாம். அதனால் சிபிநாட்டிலும் பல நேரம் தப்பிவிடும். ஆனால் கிருமியை எதிர்த்து அங்கே திரளும் வெள்ளணுக்களிலிருந்து இந்த நொதி நீரில் கலந்து ஏறும்.

அப்பா தலையணை மேல் கைகளை ஊன்றிக் குனிந்து உட்கார, முதுகில் ஊசி இறங்கியது. வைக்கோல் நிறத்தில் நீர் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தமும் போடவில்லை. குப்பிகளையும் சீட்டையும் வாங்கிக்கொண்டு, அப்பாவோடு வெளியில் இருந்த தனியார் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன்.

நான் பணம் கட்டும் வரிசையில் நிற்கும்போதே அப்பாவை உள்ளே கூப்பிட்டுக் கையில் இரத்தம் எடுத்துவிட்டார்கள். நீரில்தானே பார்க்கச் சொன்னார்கள் என்று கேட்டேன். "சீட்டில் ஏ.டி.ஏ. என்று மட்டும்தான் இருக்கிறது சார். எங்கள் கணினியில் அது இரத்தப் பரிசோதனை" என்றார் அங்கிருந்த பெண். மருத்துவரிடம் ஒரு போன் செய்து கேளுங்கள் என்று கெஞ்சியும் பயனில்லை. நீர்க் குப்பி வேலூர் வெயிலில் மேசை மேலேயே கிடந்தது.

மாலையில் வந்த அறிக்கையில் 'அதிகம்' என்று தடித்த எழுத்து. மருத்துவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். இரத்தத்தில் இந்த நொதி வேறு பல நோய்களிலும் ஏறும். அதை நம்பிக் காசநோய் மாத்திரையைத் தொடங்கக் கூடாது என்றார். வெயிலில் கிடந்த நீரும் இனி உதவாது. அப்பாவுக்கு மறுபடியும் ஊசி. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த முறை 'நுரையீரல் உறை நீர்' என்று சீட்டில் எழுதி வாங்கினேன். குப்பி மேலும் அதையே எழுதி ஒட்டவைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, வேறொரு கூடத்துக்கு நேரே கொண்டுபோனேன். பணம் கட்டும் முன்பே ரசீதில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்தேன். நீங்களும் தயங்காமல் இதைச் செய்யுங்கள்.

லிட்டருக்கு 68 யூனிட் வந்தது. பொதுவாக 40க்கு மேல் போனால் காசநோய் என்று சந்தேகிப்பார்கள். ஆனாலும் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். சீழ் கட்டினாலும், சிலவகைப் புற்றுநோயிலும், முடக்குவாதத்திலும் இது ஏறும். அப்பாவின் நீரில் பெரும்பாலும் லிம்போசைட் என்கிற ஒருவகை வெள்ளணுக்களே இருந்தன, புரதமும் அதிகம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் காசநோய்தான் என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இன்னொன்று: இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடிக் காசநோயைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் பரிசோதனைகளை மத்திய அரசு 2012இலேயே தடை செய்துவிட்டது. ஏ.டி.ஏ. அந்த வகை இல்லை. ஆனாலும் "ஒரு துளி இரத்தத்தில் டி.பி.யைச் சொல்லிவிடுவோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாத்திரை அரசு மருத்துவமனையிலேயே இலவசம்: இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் மூன்று மருந்து. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம். நிக்ஷய் என்கிற, காசநோயாளிகளுக்கான அரசு இணையப் பதிவில் வங்கிக் கணக்கைச் சேர்த்தால் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வரும். முதல் நாளே பாஸ்புக் நகலைக் கையோடு கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் அதற்கும் ஒரு அலைச்சல்.