டியூட்டி ரூம் நாட்குறிப்பு

மார்ச் 4, 2024, திங்கள்

பழைய வானொலி நிலையத்தைப் பற்றி விசாரிப்பவர்கள் அறிவிப்பாளரின் குரலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நாங்கள் அஞ்சியதோ டியூட்டி ரூமில் கிடந்த பதிவேட்டுக்கு. பணியில் இருக்கும் டியூட்டி ஆபீசர், ஒலிபரப்பு தொடங்கியதிலிருந்து முடியும்வரை ஒலிபெருக்கியில் அதைக் கேட்டுக்கொண்டே இருந்து, இசைத்தட்டு சிக்கியது, பேச்சு நேரம் கடந்தது, இடையில் சில நொடிகள் மௌனம் விழுந்தது என ஒவ்வொன்றையும் மணி, நிமிடத்தோடு எழுதிவைப்பார். மறுநாள் காலைக் கூட்டத்தில் நிலைய இயக்குநர் முன்னிலையில் அது வாசிக்கப்படும். தவறியவர் பெக்ஸ் எனப்படும் நிகழ்ச்சி நிர்வாகி ஆனாலும் தற்காலிக அறிவிப்பாளர் ஆனாலும் பதிவேட்டின் நடை ஒன்றுதான்.

மார்ச் 6, புதன்

அந்தச் சமத்துவம் பதிவேட்டோடு சரி. விடுதலையின்போது இந்தியாவிடம் இருந்த ஆறு வானொலி நிலையங்களில் சென்னையும் திருச்சியும் அடங்கும். அந்தக் காலத்திலிருந்தே நிலையங்களுக்குள் இரண்டு சாதிகள் இருந்தன என்று சொன்னால் மிகையாகாது. கோப்புகளைப் பார்த்தவர்களும் பொறியாளர்களும் நிரந்தர அரசு ஊழியர்கள். அறிவிப்பாளர், நாடகக் குரல் தந்தவர், வீணை வாசித்தவர், மிருதங்கம் வாசித்தவர் ஆகியோர் நிலையக் கலைஞர்கள் என்ற பெயரில் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். ஊரெல்லாம் அறிந்த குரலுக்கு உரியவர் தம் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டதா என்று அலுவலக எழுத்தரிடம் போய் நிற்பார்; அந்த எழுத்தரின் பெயரை நேயர் எவரும் அறியார். 1982-இல்தான் அவர்களையும் அரசு ஊழியர்களாக ஏற்பது என்று முடிவாயிற்று.

நிலைய வித்துவான்களின் நிலை இன்னும் விசித்திரமானது. கச்சேரி மேடையில் சால்வை பெற்றவர், இங்கே வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு, ஒலிப்பதிவுக்கு வரும் பாடகருக்காகச் சுருதி சேர்த்தபடி காத்திருப்பார். வருகிற பாடகர் தரவரிசையில் தமக்குக் கீழே இருந்தாலும் பக்கவாத்தியம் வாசித்தாக வேண்டும். முகம் சுளித்தவர்களும் உண்டு. பயந்து வந்த இளம் பாடகியின் தாளத்தை யாருக்கும் தெரியாமல் தாங்கிப்பிடித்துக் கரைசேர்த்தவர்களும் உண்டு.

மார்ச் 7, வியாழன்

பண்ணை ஒலிபரப்புக்காரர்களைச் சொல்லாமல் விட்டது நியாயமில்லை. 1966-இல் இதற்கென்று தனிப் பிரிவுகள் வந்தபோது, இசைக்காரர்களும் இலக்கியக்காரர்களும் உரம், பூச்சி என்று பேச வந்தவர்களைச் சற்று இளப்பமாகத்தான் பார்த்தார்கள். ஆனால் தஞ்சைப் பகுதி உழவர்கள், வானொலி வழியே அறிந்த ஏடிடி-27 என்ற நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அப்படியொரு பாராட்டு எங்கள் நாடகப் பிரிவுக்குக் கிடைத்ததில்லை.

மார்ச் 10, ஞாயிறு

ஒலிநாடாவை வெட்டி ஒட்டுவது பற்றி எழுதச் சொல்லி ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். பேச்சாளர் இருமிய இடம் வந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, இரண்டு சுழல்தட்டுகளையும் கையால் முன்னும் பின்னும் உருட்டினால், இருமல் ஒரு உறுமலாகக் கேட்கும். அது தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மெழுகுப் பென்சிலால் கோடிட்டு, சவர பிளேடால் சாய்வாக நறுக்கி, ஒட்டுநாடாவை வைத்து நகத்தால் தேய்ப்போம். நேராக வெட்டினால் ஒட்டிய இடத்தில் ‘டக்’ என்று கேட்டுவிடும். மூச்சை மட்டும் வெட்டக் கூடாது என்பது மூத்தவர்கள் சொல்லித்தந்த பாடம். மூச்சில்லாத பேச்சு கேட்பவருக்கு மூச்சு முட்டும்.

அப்படிப் பார்த்துப் பார்த்து ஒட்டிய நாடாக்களில் பலவற்றை ஒலிபரப்பு முடிந்ததும் அழித்து, அவற்றின்மேலேயே புதிதாகப் பதிவு செய்தோம். பெரிய வித்துவான்களின் கச்சேரிகளைக் காப்பகத்துக்கு எடுத்துவைக்க வழி இருந்தது. உள்ளூர் உரைச்சித்திரத்துக்கும் நிலையக் கலைஞரின் நாடகத்துக்கும் பெரும்பாலும் அது வாய்க்கவில்லை. அழிக்கலாம் என்று கையெழுத்திட்டவர்களை இன்று குறை கூறுவது எளிது. புது நாடா வரும்வரை காத்திருந்தால், அந்த வார நாடகத்தை எதில் பதிவது?