"ஒன்னுமில்லைம்மா" என்று சொன்ன ஒரு வருடம்

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 31 வாங்கினேன். அதற்கு முந்தைய வருடம்வரை எண்பதுக்குக் கீழே போனதில்லை. விடைத்தாளைப் புரட்டிக்கொண்டே அம்மா, "என்ன ஆச்சு உனக்கு?" என்று கேட்டார். "ஒன்னுமில்லைம்மா" என்றேன். "படிப்புல கவனம் இல்லை, வேற என்ன" என்று அவரே முடித்துவைத்தார். எனக்கும் அது வசதியாகப் போயிற்று.

நடந்தது இதுதான். வகுப்புக்கென்று போனில் ஒரு குரூப் இருந்தது. நான் தும்மப் போகிற நேரத்தில் எடுத்த ஒரு படத்தை யாரோ ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். கண் பாதி மூடி, மூக்கு விடைத்து, வாய் கோணி. முதல் நாள் நானும்தான் சிரித்தேன். அப்புறம், வகுப்பில் நான் எழுந்து பதில் சொன்ன நாளெல்லாம் சாயங்காலம் அது குரூப்பில் வந்து விழுந்தது. ஒருவர் போட்டால் பின்னாலேயே ஏழெட்டுப் பேர். ஆரம்பித்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள்.

பதில் சொன்னால்தானே ஸ்டிக்கர் வரும்? பதில் சொல்வதை நிறுத்தினேன். வாயே திறக்காமல் இருந்து பழகிவிட்டால் சந்தேகம் கேட்கவும் வாய் வராது. இயற்கணிதத்தில் ஒரு படி புரியவில்லை, கேட்கவில்லை. அதனால் அடுத்த படியும் புரியவில்லை. அந்த 31 அப்படி வந்தது. மதிப்பெண் சரிந்த பிள்ளையிடம் எத்தனை மணி நேரம் படித்தாய் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். என்னிடம் கேட்டிருந்தால் நாலு மணி நேரம் என்று உண்மையையே சொல்லியிருப்பேன். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போன் அதிர்கிறதா என்று காத்திருந்த நாலு மணி நேரம்.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் முதலில் என் போனைத்தான் பிடுங்குவார்கள் என்று தெரியும். காட்டிக்கொடுத்தவள் என்ற பெயர் வரும். இது இரண்டுக்கும் மேலே, ஒரு ஸ்டிக்கரைப் போய் யாராவது பிரச்சினை என்று சொல்வார்களா என்ற வெட்கம்.

அந்த வெட்கம் தீர்ந்தது பிற்பாடு இதைப் பற்றிப் படித்தபோதுதான். பள்ளிகளில் நடக்கும் சீண்டலை 1970களில் முதன்முதலாகப் பெரிய அளவில் ஆராய்ந்தவர் டான் ஓல்வேயஸ். அவர் சொன்ன அடையாளங்கள் மூன்று: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதபடி ஒரு பக்கம் பலம் கூடியிருப்பது. என் ஸ்டிக்கர் மூன்றிலும் பொருந்தியது. 2019இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கையின்படி உலகளவில் ஏறத்தாழ மூன்று மாணவர்களில் ஒருவர், கேட்கப்பட்டதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் சக மாணவர்களால் சீண்டப்பட்டவர். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் பன்னிரண்டு பதின்மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒருத்தி மட்டும்தான் என்று எண்ணிக்கொண்டிருந்த அதே அறையில்.

முதல்முறை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் ஒரு கையில் சாவியும் காதில் போனுமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார். "கிளாஸ்ல எல்லாரும் என்னைக் கிண்டல் பண்றாங்க" என்றேன். "கண்டுக்காம விடு, தானா அடங்கிடும்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார். அதோடு மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டேன். அம்மா மேல் இப்போது கோபம் இல்லை. நான் தேர்ந்தெடுத்த நேரம் தப்பு, சொன்ன வாக்கியமும் தப்பு. "எல்லாரும் கிண்டல் பண்றாங்க" என்பதற்கு எந்தப் பெரியவரும் அதே பதிலைத்தான் சொல்வார். எத்தனை நாளாக, எத்தனை முறை, அதனால் நான் எதைச் செய்யாமல் இருக்கிறேன் என்று எதுவும் அதில் இல்லை.

இரண்டாம் முறை எழுதினேன். ரஃப் நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து நாலு வரி. என்ன நடக்கிறது. எப்போதிலிருந்து. அதனால் என்ன ஆயிற்று (வகுப்பில் பதில் சொல்வதில்லை, இரவு தூக்கம் வருவதில்லை). எனக்கு என்ன வேண்டும். நாலாவது வரிக்குத்தான் அரை மணி நேரம் ஆனது. யாருக்கும் தண்டனை வேண்டாம், அந்தப் படம் நின்றால் போதும் என்று எழுதினேன். அறிவியல் டீச்சர் சோதனைக்குழாய்களை எண்ணித் தாங்கியில் வைத்துக்கொண்டிருந்தார். தாளை மேசையில் வைத்துவிட்டு நானும் குழாய்களைத் துடைக்க ஆரம்பித்தேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைக் கையில் வேலை இருந்தால் சொல்லிவிடலாம்.

அவர் இரண்டு முறை படித்தார். "யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்" என்றேன். "அப்படிச் சத்தியம் பண்ண மாட்டேன்மா. ஆனா யார்கிட்ட சொல்றதுன்னாலும் முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்றார். அப்போது ஏமாற்றமாக இருந்தது. இன்று யோசித்தால், பிள்ளைகள் மனம் திறக்கும்போது ஒரு பெரியவர் சொல்லக்கூடிய சரியான பதில் அதுதான் என்று படுகிறது. ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு ஆபத்து என்று தெரிந்து உடைத்தால் அந்தப் பிள்ளை அடுத்து யாரையும் நம்பாது.

ஆக, சொல்லப்போகிறவர்களுக்கு என் யோசனை: தேர்வு விடையை ஒத்திகை பார்ப்பதுபோல் முதல் வாக்கியத்தை ஒத்திகை பாருங்கள். "உங்ககூடப் பத்து நிமிஷம் பேசணும், எப்போ முடியும்?" என்பது நல்ல தொடக்கம், அவசரத்தில் இருப்பவரையும் நிற்க வைக்கும். போனில் வந்ததை அழிக்காதீர்கள். தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் ஆத்திரத்தில் பாதியை அழித்துவிட்டுப் பிறகு கையைப் பிசைந்தேன். முதலாமவர் காதில் வாங்கவில்லையா, இரண்டாமவர், மூன்றாமவர். வீட்டிலேயே அடி, தகாத தொடுதல் என்று பிரச்சினை இருந்தால் பள்ளியில் ஒரு ஆசிரியர், கவுன்சலர், அல்லது உங்கள் நாட்டில் சிறுவர்களுக்கென்று இருக்கும் உதவி எண். 1989இல் நிறைவேறிய ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 19ஆவது பிரிவு, பெற்றோரின் பராமரிப்பில் இருக்கும்போது நடக்கும் வன்முறையிலிருந்தும் பிள்ளைகளைக் காக்கச் சொல்கிறது. வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்ற பேச்சு இங்கே செல்லாது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பொறுமை கூடாது. தோழியோ தோழனோ "இருந்து என்ன பயன்" என்கிற மாதிரி பேசினால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் சொல்கிறது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். அன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள், "யார்கிட்டயும் சொல்லாதே" என்று அவர் கெஞ்சினாலும். நட்பு முறிந்தால் பிறகு ஒட்டவைத்துக்கொள்ளலாம்.

டீச்சர் என்ன செய்தார் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார் என்பது மட்டும் தெரியும், என்னிடம் சொல்லிவிட்டுத்தான் பேசினார். ஆனால் குரூப்பில் அது நின்றது வேறு ஒருவனால். அதிகம் பேசாதவன். மறுபடி ஒருமுறை ஸ்டிக்கர் வந்தபோது, "போதும் விடுங்கப்பா, போரடிக்குது" என்று எழுதினான். அவ்வளவுதான். கனடாவில் பள்ளி மைதானங்களை வீடியோ எடுத்துப் பார்த்து 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சக மாணவர் குறுக்கிட்டவற்றில் பாதிக்கும் மேற்பட்ட தடவை, அதாவது 57 சதவீதம், பத்து விநாடிக்குள் சீண்டல் நின்றிருக்கிறது. வீரமெல்லாம் தேவைப்படவில்லை. அவனுக்கு உண்மையிலேயே போரடித்திருக்கலாம்.

மதிப்பெண் உடனே ஏறிவிடவில்லை. விட்டுப்போன படிகளைப் பிடிக்க ஒரு வருடம் ஆனது. தேர்வுக்கு முன் கை நடுங்குவதும் கொஞ்ச நாள் இருந்தது. அதற்கு ஒரு வழி கைகொடுத்தது. தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம், தேர்வைப் பற்றிய பயத்தை அப்படியே தாளில் எழுதிய மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் எடுத்ததாக 2011இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. கவலை மனதில் அடைத்துக்கொண்டிருக்கும் இடம் கொஞ்சம் காலியாகிறதாம். நான் எழுதி, கசக்கி, பையில் போட்டுவிட்டு உள்ளே போவேன். எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

அந்தத் தோழி மன்னிப்புக் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பில் ஒருநாள் அளவுகோல் கேட்டாள், கொடுத்தேன்.

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்தது டீச்சர் வழியாக. அன்று இரவு அவர் என் போனைப் பிடுங்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "நான் ஏதாவது செய்யணுமா, இல்ல சும்மா கேட்டா போதுமா?" என்றார். சும்மா கேட்டால் போதும் என்றேன். கேட்டார். அதற்குப் பிறகு பள்ளி விட்டு வந்ததும் "எப்படிப் போச்சு?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இன்னிக்கு யார் பக்கத்துல உட்கார்ந்தே?" என்று கேட்க ஆரம்பித்தார். அந்தக் கேள்விக்கு "ஒன்னுமில்லைம்மா" என்று சொல்லித் தப்ப முடியவில்லை.