நல்லா பண்ணீங்க

"நீதானம்மா அன்னிக்கு நல்லாருக்குன்னு சொன்னே?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். மறந்துபோன ஒன்றை ஞாபகப்படுத்துவது போலத்தான் கேட்டார். நான் அவர் கண்ணை மூடியிருந்த மறைப்பைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

நான் அப்படிச் சொல்லவில்லை. "நல்லா பண்ணீங்கண்ணா" என்றுதான் சொன்னேன். டெஸ்டைச் சொன்னேன், கண்ணை இல்லை. ஃபீல்டு டெஸ்ட், அதாவது நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் எதுவரை பார்வை இருக்கிறது என்று பார்க்கிற டெஸ்ட், எடுக்கிற எல்லோரும் அதைத்தான் சொல்வோம். கிண்ணம் மாதிரியான மெஷினுக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்காமல், எங்கேயாவது வெளிச்சம் தெரிந்தால் பட்டனை அழுத்த வேண்டும். ஒரு கண்ணுக்கு 54 இடங்கள். ஐந்து நிமிடத்திலிருந்து ஏழு நிமிடம் வரை ஆகும். மங்கலிலும் மங்கலான வெளிச்சம் எதுவரை தெரிகிறது என்று தேடுகிற மெஷின் அது. அதனால் நல்ல கண்ணுக்கே ஏறக்குறைய பாதி வெளிச்சம் தெரியாது. தெரியவில்லையே என்று பதறி சும்மா சும்மா பட்டனை அழுத்தினால் ரிப்போர்ட் வீண். அதற்காகத்தான் முன்கூட்டியே, "பாதி தெரியாதுண்ணா, எல்லாருக்கும் அப்படித்தான், பயப்படாதீங்க" என்று தைரியம் சொல்லி உட்காரவைப்போம். அவரிடமும் சொன்னேன்.

இப்போது யோசித்தால், அதுவும் சேர்ந்துதான் அவரைக் கெடுத்ததோ என்று தோன்றுகிறது. தெரியாமல் போன இடத்தையெல்லாம் எல்லாருக்கும் அப்படித்தான் என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார்.

பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் கடை வைத்திருப்பவர். முதல் தடவை வந்தது கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி போட. தூரப் பார்வை இரண்டு கண்ணிலும் 6/6, குறையே இல்லை. கண் பிரஷர் பார்த்தது நான்தான்: 30, 28. பத்திலிருந்து இருபத்தொன்று வரை இருக்க வேண்டியது. அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் இரண்டு கண்ணும் தெரியாமல் போனதையும், அதற்கப்புறம்தான் எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதையும் அவரே சொன்னார். டாக்டர் கண் நரம்பைப் பார்த்துவிட்டு, அந்த நரம்பு மெல்லக் கெட்டுப் பார்வை போகிற க்ளாக்கோமாவாக இருக்கலாம், ஃபீல்டு எடுத்துக்கொண்டு வாங்க என்று அனுப்பினார். "ஊசியில நூல் கோக்குறேன்மா, எனக்கென்ன கண்ணுல" என்று சொல்லிக்கொண்டேதான் என் அறைக்கு வந்தார். அந்த நோய் நடுப்பார்வையைக் கடைசிவரை விட்டுவைக்கும். நூல் கோப்பதற்கு அது போதும்.

யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. டெஸ்ட் ஓடும்போதே எனக்குத் திரையில் தெரிந்துவிட்டது. இடது கண்ணில் வில் மாதிரி வளைந்து இருட்டு விழுந்துகொண்டிருந்தது. வலதிலும் லேசாக ஆரம்பம். ரிசல்ட்டை டெக்னீஷியன் சொல்லக் கூடாது, அது சரியான விதிதான், எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எப்படிம்மா?" என்றபோது என் வாயிலிருந்து வந்த "நல்லா பண்ணீங்கண்ணா" வழக்கமாகச் சொல்வதைவிடக் கொஞ்சம் கூடுதலான அன்போடு வந்தது. அந்த இருட்டைப் பார்த்துவிட்டதால் வந்த அன்பு அது. மற்றவர்களிடம் இயந்திரம் போல அதையே சொல்லும்போது அவர்கள் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. இவரிடம் மனதாரச் சொன்னேன், அவர் நம்பிவிட்டார்.

"அப்ப பரவால்லையா?" என்று கேட்டார். இதற்கு நான் என்ன சொன்னேன் என்பதுதான் பிடிபடவில்லை. "டாக்டர் பாப்பாங்க, வெளிய உக்காருங்க" என்று சொன்னதாகச் சில நாள் நிச்சயமாகத் தோன்றுகிறது. சில நாள், அடுத்த பேஷன்ட் உள்ளே வந்துவிட்டதால் வெறுமனே சிரித்தேன் என்று தோன்றுகிறது. ஒன்றரை வருடமாக அந்த ஒரு நிமிடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு வெளியே நல்ல கூட்டம். அவர் காத்திருக்காமல் கிளம்பிவிட்டார். சாயங்காலம் ஃபைல் மேஜையிலேயே கிடந்தது. ரிசப்ஷனில் சொன்னேன், அவர்கள் இரண்டு தடவை போன் செய்தார்கள், எடுக்கவில்லை. நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். மூன்றாவது தடவை நானே கூப்பிட்டிருக்கலாம், அது என் வேலை இல்லை என்றாலும்.

திரும்பி வந்தபோது, "படி எறங்குறப்போ ஒரு படி கணக்கு தப்புதும்மா" என்றார். 6/6 அப்படியே இருந்தது. ஃபீல்டில் இரண்டு கண்ணிலும் கீழ்ப்பாதி போயிருந்தது. போனது வராது. சொட்டு மருந்து இருக்கிறதைக் காப்பாற்றத்தான்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த அன்பைத் தவிர. "காத்திருக்காம போனது அவர், நீ என்ன பண்ணுவ?" என்றார். நியாயம்தான். அன்றிலிருந்து யாரிடமும் நல்லா பண்ணீங்க என்று சொல்வதில்லை, "டெஸ்ட் முடிஞ்சது, டாக்டர் பாத்தாதான் தெரியும்" என்று மட்டும் சொல்கிறேன். போன வாரம் ஒரு பாட்டி டெஸ்ட் பாதியிலேயே பட்டனைக் கீழே போட்டுவிட்டார். "எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா, நீயும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குற" என்று அழுதார். அவருடைய கண்ணில் குறை எதுவும் இல்லை. "நல்லா பண்றீங்க பாட்டி" என்று சொல்லித்தான் மிச்சத்தை முடிக்க வேண்டியிருந்தது.

தையல்காரர் இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் வருகிறார். ராத்திரி சொட்டு மருந்தை மகள் போட்டுவிடுகிறாளாம். கடைசியாக வந்தபோது டெஸ்ட் முடிந்ததும் எதுவும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஃபைலை நானே எடுத்துக்கொண்டு போய் டாக்டர் அறை வாசலில் அவரை உட்காரவைத்தேன். கிளம்பும்போது, வாசலில் இருக்கிற இரண்டு படியையும் ஒரு காலால் துழாவிப் பார்த்து மெதுவாக இறங்கினார். கையைப் பிடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தெருவுக்குப் போய்விட்டார்.