கிளிப் போட்டதற்கு அப்புறம்

மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்தால், ஒப்பரேஷன் முடிந்ததும் கண்டம் தாண்டியாச்சு என்றுதான் எங்கள் லயத்தில் எல்லோரும் நினைத்தோம். அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா நானுஓயாப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவர். மலையில் நிற்கும்போதே பின்தலையில் ஒரே நொடியில் பயங்கர வலி. வாந்தி, கழுத்தை அசைக்க முடியவில்லை. முதலில் காட்டிய இடத்தில் பெனடோல் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தயவுசெய்து கேளுங்கள்: ஆயுசுக்கும் வராத தலைவலி திடீரென்று வந்தால் விடியும்வரை பார்த்திருக்காதீர்கள். இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்குக் கோல் எடுத்தால் அம்புலன்ஸ் வரும், காசு கிடையாது.

சீ.டி. ஸ்கேனில் இரத்தம் தெரிந்ததும் கண்டிக்கு அனுப்பினார்கள். ரம்பொடை, புசல்லாவை, கம்பளை என்று அந்த வளைவுகளில் இறங்கும்போது உயிரே இல்லை எனக்கு. மூளையின் இரத்தக்குழாய் ஒன்று பலூன் போல வீங்கி வெடித்ததால்தான் இரத்தம் கசிந்ததாம். அந்த வீக்கம் முதல் 24 மணி நேரத்தில் மறுபடி வெடிக்கும் ஆபத்து அதிகமாம். சிலருக்குத் தொடை வழியாகக் குழாய் விட்டு, அந்த வீக்கத்தை அடைக்க கொயில் என்ற மெல்லிய கம்பிச் சுருள் வைப்பார்கள். அம்மாவுக்கு மண்டையோட்டைத் திறந்து, வீக்கத்தின் அடியை இறுக்கி மூட ஒரு சின்ன உலோகக் கிளிப் போட வேண்டும் என்றார்கள். டொக்டர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழ் தாதி ஒருவர் பொறுமையாக விளங்கப்படுத்திய பிறகுதான் அப்பா கையெழுத்து வைத்தார்.

ஒப்பரேஷன் சரியாக முடிந்தது. அம்மா பேசினார், கஞ்சி குடித்தார். சில நாள் கழித்துப் பேச்சு குழறி, வலது கை தொய்ந்துவிட்டது. கசிந்த இரத்தத்தால் மூளையின் இரத்தக்குழாய்கள் சுருங்குமாம்; நாலாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை அதற்கான காலம். இதற்குத்தான் நிமோடிபின் மாத்திரை, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை, நடுராத்திரியிலும் எழுப்பி, 21 நாள். உடனே கவனித்ததால் பேச்சும் கையும் மெல்லத் திரும்பின. பக்கத்தில் இருப்பவர்கள் நோயாளியைப் பேச வைத்துப் பாருங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் மாறினாலும் தாதியைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் களைப்புதான் பெரிய பாடு. ஒரு வாளி தண்ணீர் தூக்கினால் பகல் முழுக்கப் படுக்கை. பக்கத்து வீட்டு ரேடியோ சத்தம் தாங்காது. அடுப்பில் இரண்டு சட்டி இருந்தால் ஒன்றை மறந்துவிடுவார். காரணமில்லாமல் அழுவார். "காயம் ஆறிடுச்சே, இன்னும் என்ன?" என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வி அம்மாவை உடைத்தது. இந்த அசதி மாதக்கணக்கில், சிலருக்கு அதைவிடக் கூடவும் இருக்கும் என்று கிளினிக்கில் சொன்னபோதுதான் அவருக்கே நிம்மதி.

பிரஷர் மாத்திரையை ஒரு நாளும் விடுவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது நோயையும் சிகிச்சையையும் எழுதித் தந்த டயக்னோசிஸ் கார்டைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். இனி யாராவது எம்.ஆர்.ஐ. என்ற காந்த ஸ்கேன் எடுக்கச் சொன்னால், தலையில் கிளிப் இருப்பதைச் சொல்லி முதலில் அந்தக் கார்டைத்தான் காட்ட வேண்டும்.