உயிலில் என் கல்லூரிக்கு ஒரு பங்கு

நான் படித்த காலத்தில், முகம் தெரியாத ஒரு முன்னாள் மாணவர் விட்டுச்சென்ற பணத்திலிருந்து எனக்கு மூன்று ஆண்டுகள் உதவித்தொகை கிடைத்தது. அதே கல்லூரிக்கு என் உயிலிலும் ஒரு பங்கு எழுதிவைக்க வேண்டும் என்று ஓய்வு பெற்றதும் முடிவு செய்தபோது, ஒரு பத்தி எழுதினால் வேலை முடிந்துவிடும் என்றே நினைத்தேன். ஏழு மாதங்கள் ஆயின.

வழக்கறிஞர் என்னை முதல் வரியிலேயே நிறுத்தினார். நான் எழுதியிருந்தது நாங்கள் அழைத்துப் பழகிய பெயர்; கல்லூரியோ ஓர் அறக்கட்டளையின் கீழ் இயங்குவதால், சொத்தைப் பெறும் உரிமை சட்டப்படி அந்த அறக்கட்டளைக்கே உண்டு. பதிவுப் பெயரைக் கேட்டு நான் எழுதிய முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இரண்டாவது கடிதத்துக்கு நன்கொடைப் படிவம் மட்டும் வந்தது. நேரில் போன பிறகே சரியான பெயர் கையில் கிடைத்தது.

அடுத்து, எவ்வளவு எழுதுவது என்ற கேள்வி. குறிப்பிட்ட தொகையாக எழுதினால், நான் இன்னும் இருபது ஆண்டுகள் உயிரோடிருந்தால் அதன் மதிப்பு தேய்ந்துபோகும். மருத்துவச் செலவில் சொத்து கரைந்துவிட்டாலோ அந்தத் தொகை குடும்பத்தின் பங்கைத் தின்றுவிடும். ஆகவே, கடனும் செலவும் போக மிஞ்சும் சொத்தில் இத்தனை சதவீதம் என்று எழுதினோம்.

உண்மையில் என்னைத் திகைக்க வைத்தது கல்லூரியின் நிதி அலுவலர் போட்டுக் காட்டிய கணக்குதான். முதலைத் தொடாமல் உதவித்தொகை தொடர வேண்டுமானால் ஆண்டுக்கு 4 சதவீதம் அளவுக்கே எடுக்கலாம், மீதி வருமானம் முதலோடு சேர வேண்டும் என்றார். வருமானம் முழுவதையும் செலவழித்துவிட்டால், விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறும்போது, முதலின் மதிப்பு 12 ஆண்டுகளில் பாதியாகிவிடும். அப்படிப் பார்த்தால் ஒரே ஒரு மாணவரின் ஓராண்டுக் கட்டணத்தை என்றென்றும் கொடுப்பதற்கு, அந்தக் கட்டணத்தைப் போல் 25 மடங்கு முதல் வேண்டும். என் பங்கு அதில் பாதிகூட வராது. என் தாயார் பெயரில் தனி உதவித்தொகை என்ற ஆசையைக் கைவிட்டு, பொது உதவித்தொகை நிதியில் சேர்க்க ஒப்புக்கொண்டேன். கசப்பு இல்லாமல் இல்லை.

நிபந்தனைகளில்தான் நான் அதிகம் மல்லுக்கட்டினேன். என் துறை, கணிதத்தில் முதல் மதிப்பெண், விடுதியில் தங்கிப் படிப்பவர், இருபது வயதுக்கு உட்பட்டவர் என்று நான் அடுக்கியிருந்ததை வாசித்த அலுவலர், "ஐயா, இதற்குப் பொருந்துகிறவர் நீங்கள் மட்டுமே" என்றார். சிரித்தேன், ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு வழக்கறிஞர், தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கங்களில் செல்வம் சேர்த்த ஆங்கிலேயரான செசில் ரோட்ஸின் உயிலை நினைவூட்டினார்: 1902இல் ரோட்ஸ் இறந்தபின், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படிப்பதற்கென அந்த உயிலின்படி உருவான உதவித்தொகை ஆண்களுக்கு மட்டுமே என்று இருந்ததால், முதல் பெண்கள் அதன் வழியே ஆக்ஸ்ஃபோர்டு செல்ல 1977 ஆகிவிட்டது. அன்றிரவே பட்டியலை அடித்துவிட்டு, "பொருளாதாரத் தேவையுள்ள மாணவருக்கு" என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். அதுவும் நடவாமற்போனால் அதற்கு நெருங்கிய நோக்கத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற ஒரு வரியையும் சேர்த்தோம்.

உயிலால் பயன்பெறாத இருவர் சாட்சிக் கையெழுத்திட்டனர். பிள்ளைகளை உட்காரவைத்து விவரத்தைச் சொன்னேன். பெரியவன் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. இறந்தபின் தெரியவந்து அவர்கள் வழக்காடுவதைவிட இது மேல்.

நிதி எப்படிக் கையாளப்படுகிறது என்று கண்ணால் பார்க்க, உயிலுக்காகக் காத்திராமல் ஒரு சிறு தொகையை அந்த ஆண்டே அதே நிதிக்குச் செலுத்தினேன். அதிலிருந்து உதவி பெற்றவரைப் பற்றி அடுத்த ஆண்டு ஒரு கடிதம் வந்தது: வரலாற்றுத் துறை, வீட்டிலிருந்து வந்து போகிறவர், வயது இருபத்தாறு.