பாஸ்வேர்ட் என்னிடம் மட்டும் இருந்தபோது

திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன அறக்கட்டளை. மாதத்தின் முதல், மூன்றாம் புதன்கிழமைகளில் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்துகிறார்கள். அவர்களுடைய வெப்சைட்டை, வெப்சைட் உருவாக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் செய்து கொடுத்தவன் நான். பாஸ்வேர்டும் என்னிடம் மட்டுமே இருந்தது. தேதி மாறினால் வாட்ஸ்அப்பில் சொல்வார்கள். ராத்திரி உட்கார்ந்து மாற்றிவிடுவேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. பள்ளிக்கரணையில் எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. 6ஆம் தேதி முகாம் ரத்து. வெப்சைட்டில் மட்டும் பழைய அறிவிப்பு அப்படியே நின்றது. பேரன் போனில் பார்த்துச் சொன்னதை நம்பி, திருவொற்றியூரிலிருந்து ஒரு பெரியவர் வந்து, பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

ஜனவரியில், அங்கே கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்க்கும் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். மவுஸைத் தொடவே தயங்கினார். "நான் எதையாவது அமுக்கி எல்லாம் போயிடுச்சுன்னா என்ன தம்பி பண்றது?"

படம் போடுவது, லிங்க் கொடுப்பது எல்லாம் அப்புறம் என்று ஒதுக்கி வைத்தேன். முகாம் பக்கத்துக்கு ஒரு நகல் எடுத்து, "இதுல இருக்கறத மொத்தமா அழிச்சிட்டு சேவ் பண்ணுங்கம்மா" என்றேன். என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அழித்தார். வெறும் வெள்ளைப் பக்கம். பிறகு ரிவிஷன்ஸைத் திறந்து முந்தைய பிரதியை ரீஸ்டோர் செய்யச் சொன்னேன். எல்லாம் திரும்பி வந்தது. மறுபடி அழித்தார், மறுபடி மீட்டார். மூன்றாவது தடவை நான் எதுவும் சொல்லவில்லை. அவராகவே செய்து பார்த்தார். அவருக்குக் கொடுத்திருந்தது எடிட்டர் அனுமதி. பக்கங்களை மாற்றலாம், வெப்சைட்டின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீம், கூடுதல் வசதி சேர்க்கும் பிளகின் எதையும் தொட முடியாது. அதைச் சொன்னதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்த சிக்கல் தமிழ். பல வருடக் கடிதங்களும் அறிவிப்புகளும் வானவில் எழுத்துருவில் இருந்தன. ஒன்றை காப்பி செய்து ஒட்டினார். ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டியது. தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாகப் பதறினார். தப்பு அவருடையது இல்லை. அந்தக் கால எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. எழுத்துரு கழன்றால் அடியில் இருக்கும் ஆங்கிலம்தான் மிஞ்சும். இப்போது எல்லா மொழிகளுக்கும் பொதுவாக இருக்கும் யூனிகோட் என்ற முறையில் தமிழுக்கென்று தனி இடம் உண்டு. பழைய ஃபைல்களை என்ஹெச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் போட்டு யூனிகோடுக்கு மாற்றினோம்.

டைப்பிங்கில் தவறு செய்தது நான்தான். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழ் வரும் முறையை இரண்டு வாரம் கற்றுக்கொடுத்தேன். 'ள'வுக்கும் 'ல'வுக்கும் தேடித் தேடி அவர் சோர்ந்துபோனார். ஒருநாள் டீ குடிக்கும்போதுதான் சொன்னார், தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவராம். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். தமிழில் டைப் செய்ய உதவும் என்ஹெச்எம் ரைட்டர் மென்பொருளில் டைப்ரைட்டர் விசைப்பலகையை வைத்துக் கொடுத்தேன். திரையைப் பார்த்தபடியே, என்னைவிட வேகமாக அடித்தார்.

நான் எழுதிக் கொடுத்த பன்னிரண்டு பக்க வழிகாட்டி டிராயரில் கிடக்கிறது. அவர் தன் டைரியில் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருப்பதைத்தான் இப்போது அறக்கட்டளையில் இருக்கும் மற்ற இருவரும் பார்த்துச் செய்கிறார்கள். அதில் முதல் வரி: 'நீல பட்டனுக்கு முன்னாடி தேதியும் கிழமையும் காலண்டரோட சரிபார்க்கவும்.' நீல பட்டன் என்றால் சேவ் பட்டன். என் வழிகாட்டியில் காலண்டரே கிடையாது.

2024 அக்டோபரில் மறுபடி கனமழை எச்சரிக்கை. 16ஆம் தேதி முகாம். முந்தின நாள் மாலை வெப்சைட்டைத் திறந்தால், பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் அறிவிப்பு ஏற்கெனவே மாறியிருந்தது: 'மழை காரணமாக நாளை முகாம் இல்லை. பெரியவங்க யாரும் தண்ணியில கிளம்பி வர வேண்டாம். அடுத்த தேதியை இங்கேயே போடுறோம்.'