வே பிரிட்ஜ் எடை கம்ப்யூட்டர்ல வரல: சீரியல் போர்ட்டோட மல்லுக்கட்டுன கதை

காவேரிப்பட்டணம் பக்கம் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் வே பிரிட்ஜ் (வண்டிய லோடோட நிறுத்தி எடை போடற மேடை) வெச்சிருக்காரு. மாங்கா சீசன்ல டிராக்டர், டாட்டா ஏஸ், ஈச்சர்னு வந்துட்டே இருக்கும், முக்காவாசி கூழ் ஃபேக்டரிக்குப் போற பெங்களூரா காய் லோடு தான். சீசன் உச்சத்துல இருக்கும்போது அங்க இருந்த பழைய கம்ப்யூட்டர் மதர்போர்டு போயிடுச்சு. புதுசு ஒண்ணு வாங்கி வெச்சாங்க, பில்லிங் சாஃப்ட்வேரும் ஏத்தியாச்சு, ஆனா எடை மட்டும் திரையில வரல. "தம்பி, மிஷின்ல எடை நல்லாத்தான் காட்டுது, கம்ப்யூட்டர்ல ஜீரோவாவே நிக்குது, டிரைவருங்க கையில எழுதிக் குடுத்தா வாங்க மாட்டேங்கறாங்க, கொஞ்சம் வந்து பாரு"ன்னு போன் பண்ணாரு. நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் தான் பண்றேன், வே பிரிட்ஜ் ஆள் கிடையாது, அதனால எடையைக் காட்டுற இன்டிகேட்டர் பெட்டிய திறக்கவே மாட்டேன்னு முதல்லயே சொல்லிட்டுத் தான் போனேன். அதுல தொழிலாளர் துறை முத்திரை இருக்கும், சீல உடைச்சா பெரிய பஞ்சாயத்து.

இந்த இன்டிகேட்டர் எல்லாம் எடையை ஆர்எஸ்-232ன்னு ஒரு பழைய முறையில அனுப்பும். 1960ல வந்த ஸ்டாண்டர்டு, இன்னைக்கும் எடை மிஷின், பார்கோடு ஸ்கேனர், சிஎன்சி மிஷின்னு எல்லாத்துலயும் உயிரோட இருக்கு. ஒம்போது பின் கனெக்டர் தான், இதைத்தான் சீரியல் போர்ட்டுன்னு சொல்றது, ஆனா வே பிரிட்ஜுக்கு மூணு ஒயர் போதும். கம்ப்யூட்டர் பக்கம் பார்த்தா 2 வாங்குறது, 3 அனுப்புறது, 5 கிரவுண்டு. புது கம்ப்யூட்டர்ல பின்னாடி அந்த ஒம்போது பின் போர்ட்டே இல்ல, அதனால யாரோ ஒரு கடையில யுஎஸ்பி டு சீரியல் கேபிள் வாங்கி சொருகி வெச்சிருந்தாங்க.

விண்டோஸ்ல மாட்டியிருக்கறதெல்லாம் காட்டுற டிவைஸ் மேனேஜரத் திறந்தா, அந்தக் கேபிள் பேர் மேல மஞ்சள் முக்கோணம். கேபிளுக்குள்ள இருக்கற சிப் 2012லயே நிறுத்துன மாடல்னு அங்கயே எழுதிக் காட்டுது. இந்த மாதிரி பழைய சிப்பும் டூப்ளிகேட் சிப்பும் விலை கம்மி கேபிள்ல நிறைய வருது, புது விண்டோஸ் டிரைவர் அதைக் கண்டாலே மறுத்துடும். பழைய டிரைவரத் தேடிப் போட்டு ஓட்டுறவங்க இருக்காங்க, ஆனா அடுத்த அப்டேட் வந்ததும் விண்டோஸ் புதுசையே திரும்பப் போட்டுடும், நாள் பூரா லோடு நிக்கிற இடத்துல அந்த வேலை ஆகாது. எஃப்டிடிஐங்கற கம்பெனியோட சிப் போட்ட கேபிள் ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு, அதை எடுத்துட்டு வந்தேன்.

அதை சொருகறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர எடுத்து இன்டிகேட்டர்ல இருந்து வர்ற ஒயர்ல 2க்கும் 5க்கும் நடுவுல வெச்சுப் பார்த்தேன், மைனஸ் பக்கம் அஞ்சாறு வோல்ட்ல ஆடிட்டே இருந்துச்சு. அப்போ அந்தப் பக்கம் உயிரோட இருக்கு, அனுப்பிட்டும் இருக்கு. ஆர்எஸ்-232ல சும்மா இருக்கும்போது மைனஸ் வோல்ட்டேஜ் தான் இருக்கணும், அங்க சுத்தமா ஜீரோன்னா ஒயர் அறுந்திருக்கு இல்ல தப்பான பின்ல இருக்கீங்கன்னு அர்த்தம். அப்புறம் என் கேபிள் நல்லா இருக்கான்னு பார்க்க அதைக் கம்ப்யூட்டர்ல சொருகி, பேப்பர் கிளிப்ப வளைச்சு அதோட 2ஐயும் 3ஐயும் சேர்த்து வெச்சு, புட்டியில (PuTTY, சீரியல் போர்ட்ல வர்றத திரையில காட்டுற இலவச புரோகிராம்) டைப் பண்ணேன், அடிச்சது அப்படியே திரும்பி வந்துச்சு, அப்போ கேபிளும் டிரைவரும் சரி. இந்த ரெண்டையும் பார்க்காம சாஃப்ட்வேர்காரருக்கு போன் போட்டா அவரு மிஷின்காரர சொல்வாரு, மிஷின்காரரு கேபிள சொல்வாரு, நடுவுல லோடுகாரரு நம்மள திட்டுவாரு.

விண்டோஸ் ஒவ்வொரு சீரியல் போர்ட்டுக்கும் காம்னு ஒரு நம்பர் போடும், இப்போ நம்ம போர்ட் COM7னு வந்து உட்கார்ந்துச்சு (அதாவது காம் ஏழு). பில்லிங் சாஃப்ட்வேர் ரொம்ப பழசு, காம் ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் தான் லிஸ்ட்லயே இருக்கு. டிவைஸ் மேனேஜர்ல அந்த போர்ட்டோட ப்ராப்பர்ட்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, அங்க நம்பர மாத்தலாம், ஆனா மூணும் நாலும் "இன் யூஸ்"னு காட்டுது, சொருகி இருக்கறதோ ஒரே ஒரு கேபிள். விஷயம் என்னன்னா விண்டோஸ் ஒரு தடவை பார்த்த கேபிளுக்கெல்லாம் நம்பர ஒதுக்கி வெச்சுக்கும், கேபிள பிடுங்கினாலும் விடாது. வியூ மெனுல ஷோ ஹிட்டன் டிவைசஸ் போட்டதும் மங்கலா ரெண்டு போர்ட் தெரிஞ்சுது, ஒண்ணு அந்த மஞ்சள் முக்கோணம் கேபிள், இன்னொண்ணு யாரோ எப்பவோ சேர்த்த ப்ளூடூத். ரெண்டையும் அன்இன்ஸ்டால் பண்ணிட்டு நம்மளுத மூணுக்கு மாத்தினேன்.

அடுத்தது தான் நிறைய பேர் வழுக்கி விழற இடம். புட்டியில காம் மூணைத் திறந்தா ஆக்சஸ் டினைடு. உடனே பக்கத்துல இருந்த ஆபரேட்டர் பொண்ணு "அண்ணா, ரைட் கிளிக் பண்ணி ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுங்க"ன்னுச்சு. பேரைப் பார்த்தா அப்படித்தான் தோணும். ஆனா விண்டோஸ்ல சீரியல் போர்ட்டுக்கு இந்த மெசேஜ் வந்தா அனேகமா அனுமதி பிரச்சனையே கிடையாது, வேற ஒரு புரோகிராம் ஏற்கனவே போர்ட்ட திறந்து வெச்சிருக்குன்னு அர்த்தம். சீரியல் போர்ட்ட ஒரு நேரத்துல ஒரு புரோகிராம் தான் பிடிக்க முடியும், ரெண்டாவது ஆள் எவ்வளவு பெரிய அட்மினா இருந்தாலும் வெளிய தான் நிக்கணும். ஆட்கள் கம்ப்யூட்டரையே ஃபார்மேட் பண்ற அளவுக்குப் போயிருக்காங்க இதுக்கு!

எந்த புரோகிராம் பிடிச்சிருக்குன்னு கண்டுபிடிக்க மைக்ரோசாஃப்ட்டோட ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் இலவசமாவே கிடைக்குது. கன்ட்ரோல் எஃப் அடிச்சு போர்ட்டோட உள் பேரத் தேடணும், எஃப்டிடிஐ கேபிளுக்கு அது விசிபி ஜீரோன்னு (VCP0) இருக்கும், மதர்போர்டுலயே இருக்கற போர்ட்டுன்னா சீரியல் ஜீரோ (Serial0). தேடுனா பில்லிங் சாஃப்ட்வேரோட குட்டி புரோகிராம் ஒண்ணு, எடையை மட்டும் படிக்கறதுக்குன்னு, விண்டோஸ் ஆரம்பிக்கும்போதே ஓட ஆரம்பிச்சு போர்ட்ட பிடிச்சுக்குது, பில்லிங் திரைய மூடினாலும் அது மூடறதில்ல. டாஸ்க் மேனேஜர்ல அதை நிறுத்தினதும் புட்டி திறந்துச்சு. கேபிள ஓடிட்டு இருக்கும்போதே பிடுங்கி திரும்ப சொருகினாலும் இதே கூத்து வரும், பழைய புரோகிராம மூடித் திறந்தா தான் சரியாகும்.

என் லேப்டாப்ல விண்டோஸ் இல்ல, உபுண்டு லினக்ஸ், அதுல இதுக்கு நேர் எதிர். அங்க பர்மிஷன் டினைடுன்னா நெஜமாவே அனுமதி தான் இல்ல, நம்ம யூசர சீரியல் போர்ட் அனுமதி இருக்கற டயல்அவுட் குரூப்ல சேர்த்துட்டு லாக்அவுட் பண்ணி திரும்ப வரணும், அதை விட்டுட்டு சூடோ போட்டு அட்மின் அதிகாரத்துலயே ஓட்டுறது சோம்பேறித்தனம். வேற புரோகிராம் தனக்கு மட்டும்னு பூட்டிப் பிடிச்சிருந்தா பிசின்னு தனியா சொல்லும். உபுண்டு 22.04ல இன்னொரு தொல்லை, சிஎச்340ன்னு இன்னொரு வகை யுஎஸ்பி சீரியல் சிப் போட்ட கேபிள சொருகினா பார்வையில்லாதவங்க பயன்படுத்தற பிரெயில் திரைன்னு நெனச்சு பிஆர்எல்டிடிவைன்னு ஒரு சர்வீஸ் அதைப் பிடிச்சுக்கும், போர்ட் வந்த வேகத்துல காணாமப் போயிடும். பிரெயில் திரை தேவையில்லாத ஆளுன்னா அதை எடுத்துடலாம்.

சரி, வே பிரிட்ஜ் கம்ப்யூட்டருக்கு வருவோம், புட்டி திறந்துச்சு, ஆனா வந்தது எல்லாம் குப்பை எழுத்து. குப்பை வந்தா எனக்கு சந்தோஷம் தான், ஏன்னா ஒயர் வழியா டேட்டா வருது, வேகம் மட்டும் பொருந்தல. புட்டி தானா வேகத்த 9600ன்னு வெச்சுக்கும். பழைய கம்ப்யூட்டரோட ஹார்டு டிஸ்க்க கழட்டி யுஎஸ்பில மாட்டி பில்லிங் ஃபோல்டர்ல இருந்த செட்டிங் ஃபைல நோட்பேடுல திறந்தேன், வேகம் 2400, எழுத்துக்கு ஏழு பிட், தப்பு வந்தா கண்டுபிடிக்கற ஈவன் பேரிட்டின்னு தெளிவா இருந்துச்சு. அதைப் போட்டதும் எடை வரிவரியா ஓட ஆரம்பிச்சுது, அண்ணன் மேடை மேல ஏறி நின்னு பார்த்தாரு, ஒரு ஆள் எடைய வெச்சு வே பிரிட்ஜ சரி பார்க்க முடியாது, நல்லவேளை ஒரு டிராக்டர் வந்துச்சு.

புட்டிய மூடிட்டு அந்தக் குட்டி புரோகிராம திரும்ப ஓட விட்டதும் பில்லிங்ல எடை வந்து ஓடிட்டு இருந்துச்சு. சாயங்காலம் கரண்ட் போய் வந்து கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் மவுஸ் தானா திரையெல்லாம் குதிக்குது, கண்டத கிளிக் பண்ணுது. வைரஸ்னு பயந்துட்டாங்க. இன்டிகேட்டர் நிக்காம டேட்டா அனுப்பிட்டே இருக்கறதால விண்டோஸ் ஆரம்பிக்கும்போது அதை அந்தக் காலத்து சீரியல் மவுஸ்னு நெனச்சுக்குது, டிவைஸ் மேனேஜர்ல மவுஸ் லிஸ்ட்டுக்குள்ள சீரியல் பால்பாயின்ட்னு ஒண்ணு வந்து உட்கார்ந்திருக்கும். அதை டிஸேபிள் பண்ணேன், எஃப்டிடிஐ அட்வான்ஸ்டு பக்கத்துல, போர்ட்ல என்ன மாட்டியிருக்குன்னு தேடுற சீரியல் எனுமரேட்டர்னு இருக்கற டிக்கையும் எடுத்துட்டேன், அப்புறம் வரல. யுஎஸ்பி ஹப் பவர் மேனேஜ்மென்ட்ல கரண்ட் மிச்சம் பண்ற டிக்கையும் எடுத்தாச்சு, இல்லன்னா லோடு வராத நேரத்துல போர்ட் தூங்கிடும்.

சீசன் முடிஞ்சு ஆற அமர கேபினெட்ட திறந்து பார்த்தா போர்டுலயே காம்னு எழுதி பத்து பின் சாக்கெட் ஒண்ணு சும்மா இருக்கு. பின்னாடி போர்ட் இல்லன்னாலும் நிறைய போர்டுல இது இருக்கும், கேபிளோட வர்ற பிராக்கெட் மட்டும் வாங்கி மாட்டணும். பிராக்கெட் ஒயரிங் ரெண்டு விதமா வருது, தப்பானத மாட்டினா போர்ட் தெரியும் ஆனா டேட்டா வராது, அதனால போர்டு மேனுவல் படத்தப் பார்த்து மீட்டர் வெச்சு சரி பார்த்து மாட்டினேன். பயாஸ்ல சீரியல் போர்ட்ட எனேபிள் பண்ணதும் காம் ஒண்ணாவே வந்துடுச்சு. எஃப்டிடிஐ கேபிள் என் பைக்குத் திரும்பிடுச்சு, செட்டிங் எல்லாம் ஒரு தாள்ல எழுதி கேபினெட் பக்கவாட்டுல ஒட்டியாச்சு.